கழுகு இறங்கிய தெரு

அன்பு மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. உன் அக்காவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் வீட்டாரும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி உன்னோடு சண்டை.

போன வருடம் எங்கள் வீட்டுச் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய்: “அத்தான், ஒரே ஒரு மணி நேரம் உங்களால கெட்டவரா இருக்க முடியுமா?” நான் வாயைத் திறக்கும் முன்பே சமையலறையிலிருந்து உன் அக்கா சொன்னாள்: “அவருக்கு எங்கடா அது வரும்? கடைக்காரர் சில்லறை கூடக் கொடுத்துட்டார்னு மாடி இறங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வர்ற மனுஷன்.” அந்த ரோஷத்தில்தான் ஒப்புக்கொண்டேன். எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு நீ எழுதிய நாடகத்தில், ‘கழுகு’ என்று எல்லோரும் பயந்து கூப்பிடும் பங்குச்சந்தை வியாபாரி வேடம். நண்பனின் ஆலைப் பங்கையே விழவைத்து, அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேலை போன தொழிலாளி அழுதுகொண்டு வரும்போது ஆரஞ்சுப் பழம் உரித்தபடி, “கண்ணைத் துடைச்சுக்கோ. கண்ணீருக்குச் சந்தையில விலை கிடையாது” என்று சொல்கிற ஆள். சபை முகம் சுளிக்கும் என்று எதிர்பார்த்தேன். கைதட்டினார்கள் தம்பி. வகுப்பில் இது விஷச்செடி, தொடாதே என்று சொல்வதற்காகக் கரும்பலகையில் அதை வரைந்தால், கடைசி பெஞ்சிலிருந்து “இலை அழகா இருக்கு சார், எங்க கிடைக்கும்?” என்று ஒரு குரல் வருமே, அப்படி இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் காவலாளி என்னைப் பார்த்து எழுந்து நின்றார். நல்லாசிரியனாக இத்தனை வருடம் அந்த வாசலைக் கடந்திருக்கிறேன்; ஒருநாளும் அவர் நாற்காலியை விட்டு அசைந்ததில்லை. லிஃப்டில் நாலாம் மாடிப் பல் டாக்டர் என் காதோரம் குனிந்து, “சார், பேங்க் பங்கு கொஞ்சம் வச்சிருக்கேன். வச்சுக்கலாமா, தள்ளிடலாமா?” என்றார். “எனக்குத் தெரியாது டாக்டர். நான் புவியியல் வாத்தியார், அது நாடகம்” என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டி, “புரியுது சார். நீங்க வெளிய சொல்ல மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அடுத்த வாரம் அந்த பேங்க் பங்கு படுத்துவிட்டது. அவ்வளவுதான். நான் சர்க்கரை இரண்டு பொட்டலம் வாங்கினால் சர்க்கரை ஆலைப் பங்கு வாங்கினார்கள். சிமெண்டுப் பேச்சு வந்தபோது இருமினேன் என்று சிமெண்டை விற்றார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு பையன் குறிப்பெடுத்ததில்லை. இப்போது இருமலுக்குக் குறிப்பெடுக்கிறார்கள்.

இதுவரை சிரிப்புதான். பிறகு தையல்காரம்மா வந்தார். கீழ்த்தளத்தில், முன்னறையில் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மொத்தக் குடியிருப்புக்கும் தைத்துக் கொடுக்கிறாரே, அவர்தான். தெருமுனையில் காலியாகப்போகிற சின்னக் கடையை எடுக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அட்வான்ஸுக்குப் பணமும் சேர்த்துவிட்டார். கடை கைக்கு வர ஒரு மாதம் இருந்தது. “ஒரு மாசம் பணம் சும்மாதானே சார் கிடக்குது? நீங்க கை காட்டுற இடத்துல போட்டா இன்னொரு மெஷினும் வாங்கிடுவேன்” என்றார்.

நான் பொறுமையாக விளக்கினேன். “அளவெடுக்காம துணியை வெட்டுவீங்களாம்மா? எனக்குக் கத்திரிக்கோலே பிடிக்கத் தெரியாது. என்கிட்ட துணியைக் கொடுக்கலாமா?” என்றேன். அவர் சிரித்தார். “முன்னாடி ஒருத்தர்கிட்ட பணம் கொடுத்து வச்சேன் சார். அதிர்ந்து பேச மாட்டார், ரொம்ப நல்லவர். பணத்தோட போயிட்டார். அதான் இந்தத் தடவை கெட்டவரா பார்த்து வந்திருக்கேன்” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? நான் உள்ளே போய் என் ஓய்வூதியச் சீட்டை எடுத்துக் காட்டினேன். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கம்மியா கணக்குக் காட்டியிருக்கீங்களே, பலே ஆளு சார்” என்றார்.

உன் அக்காதான் யோசனை சொன்னாள்: “நல்லவனா சொன்னா நம்ப மாட்டேங்குது. கழுகாவே பேசித் துரத்திவிடுங்க.” மறுநாள் அவர் வந்தபோது நாடகக் கோட்டை மாட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “லாபம் வந்தா முக்கால் பங்கு எனக்கு. நஷ்டம் வந்தா மொத்தமும் உனக்கு. கேள்வி கேட்கக் கூடாது.” மானமுள்ள யாரும் செருப்பைத் தேடுவார்கள், ஒன்று போட்டுக்கொள்ள, இல்லையென்றால் அடிக்க. தையல்காரம்மா பெருமூச்சு விட்டார். “இப்பதான் சார் மனசு விட்டுப் பேசுறீங்க” என்றார். நான் பதறிப்போய்க் கோட்டைக் கழற்றினேன். கோட்டின் கைப்பக்கம் தையல் பிரிந்திருக்கிறது, போட்டுத் தருகிறேன் என்று வாங்கியவர், தொழில் பழக்கத்தில் உள்பக்கத்தைப் புரட்டினார். துணியின் கரையில் அதை நெய்த ஆலையின் பெயர் அச்சாகியிருந்திருக்கிறது. அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே டாக்டர் உதவியோடு, அட்வான்ஸ் பணம் மொத்தத்துக்கும் அந்த ஆலையின் பங்கை வாங்கிவிட்டார்.

மாதம் முடிவதற்குள் அது பாதியாகிவிட்டது. நான் போய்த் தலைகுனிந்து நின்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நீங்க என்ன சார் செய்வீங்க? உங்க தொழில் அது. கெட்டிக்காரர் கையில போச்சுன்னா மனசு ஆறிடும்” என்றார். என் சேமிப்பிலிருந்து கொடுக்கலாம் என்று பார்த்தேன். கொடுத்தால், எடுத்தது நான்தான் என்று ஆகும். கொடுக்காவிட்டால், கழுகு கொடுக்குமா என்று ஆகும். கடைசியில் அந்தத் தெருமுனைக் கடையின் சொந்தக்காரரிடமே நேரில் போய், பாதி அட்வான்ஸை இப்போது வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை அந்த அம்மா தைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார் என்று கெஞ்சினேன். அவர் நாற்காலி போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார், நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். நான் வீடு வந்து சேர்வதற்குள் தெருவெல்லாம் செய்தி: கழுகு கடை பார்க்குது, கழுகு சும்மா இறங்காது, அந்த இடத்துல ஏதோ வரப்போகுது. மறுநாளே வாடகையும் அட்வான்ஸும் இரண்டு மடங்கு. டாக்டருடைய மச்சினன் கடையை எடுத்துவிட்டார். என்ன வியாபாரம் செய்வது என்று அவருக்கே தெரியாது. ஷட்டரை இறக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்.

தையல்காரம்மா இன்னும் அதே முன்னறையில்தான் தைக்கிறார். உன் அக்கா தேவையில்லாமல் ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறாள், என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். என் வருத்தம் ஒன்றுதான். பேராசை கெட்டது என்று காட்டத்தான் நீ எழுதினாய், நான் நடித்தேன். நாம் காட்டியதோ, பேராசைக்காரனுக்கு விஷயம் தெரியும் என்பது. ஆகவே முடிவை மாற்று. கடைசிக் காட்சியில் கழுகு எல்லாவற்றையும் இழந்து, மேடையில் நின்று அழ வேண்டும். அதை மட்டும் நடித்துக் கொடுத்துவிட்டு, இந்த ஜன்மத்தில் மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். செய்த தவறுக்கு அதுவே பரிகாரம்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். படிக்காவிட்டாலும் நன்றாகத் தூங்கட்டும். உன் பேனா நீடூழி வாழ்ந்து, கொஞ்ச நாள் ஓய்வும் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: முடிவை மாற்றாதே. மேலே எழுதியது அத்தனையையும் கிழித்துப் போடு. உறையை ஒட்டும் நேரத்தில் சங்கச் செயலாளர் வந்தார். மறுபடி நாடகம் போட அனுமதி வேண்டுமே என்று, கழுகு அழப்போகிற விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “கழுகே அழப்போகுதா? அப்ப சந்தை மொத்தமா விழப்போகுதா சார்?” என்று கேட்டுவிட்டுப் படியில் ஓடினார். வராந்தா முழுக்க இப்போது போன் பேச்சுதான், எல்லோரும் விற்கிறார்கள். தையல்காரம்மாவும் வந்தார். “மிச்சம் இருக்கிறதையும் வித்துடட்டுமா சார்?” என்று கேட்டார். “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “சரி சார், புரிஞ்சுடுச்சு” என்று கீழே இறங்கிப் போனார். அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இந்த நிமிஷம் வரை புரியவில்லை.

நீ ஒன்று செய்து பார் தம்பி. நாளைக்கு யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டால், “எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார். நம்புகிற ஆள் ஒருவர் கிடைத்தால், அவர் யாரென்று எனக்கு எழுது.