பெல்ட்டில் லுங்கி சிக்கிய விவரம்

அன்பு மகள் காவ்யஸ்ரீக்கு,

செல்லூரிலிருந்து அப்பா ஜனகராஜ் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் உன் ஓசூர் கம்பெனியும் நலமாயிருக்க மீனாட்சியம்மன் பார்த்துக்கொள்வாள். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, போன செவ்வாய்க்கிழமை தறிக்கூடத்தில் ஒன்பது பேர் பார்க்க அப்பா கோடு போட்ட அண்டர்வேரோடு நின்றேன். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவள் நீ, போனில் சொன்னால் கத்துவாய். அதனால்தான் கடிதம்.

துண்டு நெய்யும் எட்டாம் தறியில் நூல் அறுந்ததென்று குனிந்தேன். மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசக் கழற்றியதை யாரும் திரும்ப மாட்டவில்லை. அந்த யாரும் என்பது மேஸ்திரியாகிய நான். பெல்ட் லுங்கியைக் கவ்வி இழுக்க, லுங்கி பின்னாலேயே நானும் போக, பக்கத்துத் தறி பேச்சிமுத்து பாய்ந்து மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டான். பன்னிரண்டு தறியும் நின்றன. லுங்கி போச்சு, கால் தப்பியது, முழங்காலில் நாலு தையல் மட்டும். நூல் சுற்றும் முனீஸ்வரி காயத்தில் வைக்கக் காபித்தூளோடு ஓடிவந்தாள். "அதையெல்லாம் அப்பாத தாயி, எம் மக வைவா" என்று தடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மட்டில் உன் பாடம் வீண்போகவில்லை.

திரும்பி வந்தால், முதலாளி பீமாராவ் பேச்சிமுத்துவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு லுங்கிக்காகப் பன்னெண்டு தறிய நிப்பாட்டுவியா? திடீர்னு நின்னதுல அம்புட்டுத் துண்டுலயும் கோடு விழுந்துருச்சு. நாளையிலருந்து வராத!"

"லுங்கிக்குள்ள அண்ணன் இருந்தாருங்க மொதலாளி."

எல்லாம் கண் பட்டதுதான் என்று முதலாளியே வாசலில் பூசணிக்காய் உடைத்தார். உடைத்த சதையில் அவரே வழுக்கி உட்கார்ந்தார். "இதுக்கு எந்த மெயின நிப்பாட்டணும்ணே?" என்று முனீஸ்வரி என் காதில் கேட்டாள்.

அவர் இடுப்பைப் பிடித்திருந்த நேரம் பார்த்துச் சொன்னேன்: "மொதலாளி, நிறுத்தச் சொன்னதே நான்தான். அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க." இருபத்தாறு வருஷத்தில் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என் பேண்டேஜைப் பார்த்தார், தன் இடுப்பைத் தடவினார். "சரி சரி, வேலையப் பாருங்க" என்றார். பேச்சிமுத்து வேலையில் இருக்கிறான். மூடியும் மாட்டியாச்சு. நான் பேன்ட் போட்டுப் போகிறேன். கூடத்தில் இப்போது என் பெயர் ஆபீசர்.

வேளைக்குச் சாப்பிடும்மா. என் ஆசியும் அம்மாவின் முறைப்பும் இத்துடன்.

அப்பா

பின்குறிப்பு: உனக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. நிறுத்தச் சொன்னது நானில்லை. பெல்ட் இழுக்கும்போது நான் கத்தியது, "டேய், மெயினத் தொடாத, துண்டு வீணாப்போயிரும்!" என்றுதான். தறிச் சத்தத்தில் அது பேச்சிமுத்து ஒருத்தனுக்குத்தான் கேட்டது. கேட்டும் நிறுத்தினான். முதலாளி முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. தினமும் சேர்ந்துதான் டீ குடிக்கிறோம். "நீ எம் பேச்சக் கேட்டிருந்தா எனக்குக் கால் இல்லடா" என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.