வாழைமட்டைத் தண்ணீர்

இதை எனக்கு முதலில் சொன்னவள் வடக்குப்பட்டு செங்கமலம். 1991ஆம் வருஷம், ஆடி இரண்டாம் வெள்ளி, அம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நிற்கும்போது.

அவள் வீட்டுக்காரர் எல்லப்பன் செங்கல் சூளை மேஸ்திரி. அவர் கனைத்தால் நாற்பது ஆள் நிமிர்ந்து நிற்கும். ஊசி என்று சொன்னால் மட்டும் அவர் உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் போய் சிறுநீரகத்தில் கல். நீர் சிவப்பாகப் போனது. அவருடைய அண்ணன் இதே வலியில், நீர் அடைத்துத்தான் செத்தார். செங்கமலம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க."

"இன்னாத்துக்குமே? வாழைத்தண்டு சாறு குடிச்சா கல்லு கரைஞ்சிடும்."

"சரி, தண்டு வெட்டிக்கினு வாங்க. இடிச்சித் தரேன்."

"இடிப்பானேன்? மட்டை இடுக்குல தண்ணி நிக்குது பாரு, அது மரமே புழிஞ்சி வச்ச சாறு."

தினமும் காலையில் கொல்லை வாழைகளின் இடுக்கையெல்லாம் சாய்த்து ஒரு சொம்பு பிடிப்பார். வடிகட்டச் சொல்லி அவளிடம் கொடுப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். பன்னிரண்டாம் நாள் வலியில் சுருண்டு விழுந்தார்.

"கரையுதுமே. அதான் வலி."

மகள் மதிவதனி ஸ்ரீபெரும்புதூரில் அறிவியல் டீச்சர். சனிக்கிழமை பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். வாசலிலேயே செங்கமலம் அவளைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆறுதல் சொல்லாத."

மட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு. எல்லப்பன் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது, தலையில ரெண்டு சக்கரம் சுத்துது?"

"உசிரு நைனா. அப்படிச் சுத்தித்தான் இரையை உள்ள இழுக்கும்."

"கண்ணாடியாட்டம் உடம்பு. உள்ள ஏதோ மென்னுக்கினே கீதே?"

"அது பல்லு."

"வயித்துக்குள்ள பல்லா?" குரல் இறங்கிவிட்டது. "சாவாதா இது?"

"சீக்கிரம் சாவாது. காஞ்சி தூசியா கெடந்தாலும், தண்ணி பட்டா எழுந்துக்கும்."

எல்லப்பன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டார்.

"பஸ்சு எப்பமே?"

"ஊசி போடுவாங்களே."

"போடட்டும். ரெண்டா போடட்டும்."

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, மருந்து கொடுத்தார். எட்டாம் நாள் கல் விழுந்தது. அவர் பிழைத்தார்.

"அந்தப் பூச்சி மனுசனை ஒண்ணும் பண்ணாதாம், மதி அப்புறம் சொல்லிச்சி," என்றாள் செங்கமலம், கூழ் வரிசையில் ஒரு அடி நகர்ந்து. "பொய் சொன்ன பாவம் வருமா அக்கா?"

"நீ எங்கேடி பொய் சொன்னே?"

"அவரு குடுத்த சொம்பைத் தெனமும் சாக்கடையில ஊத்திட்டு, காய்ச்சி ஆறின தண்ணியைத்தான் குடுத்தேன். ஒரு சொட்டு கூட அவரு வாயில படல."

நான் அம்மனைப் பார்த்தேன். கூழ் வந்தது, வாங்கிக்கொண்டோம்.

இப்போது எல்லப்பன், டாக்டர் மருந்தில் ஒன்றுமில்லை, சக்கரப் பூச்சிதான் உள்ளே போய்க் கல்லை அரைத்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லி, கேட்டவருக்கெல்லாம் மட்டைத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறார். உங்களுக்கும் ஒரு சொம்பு நீட்டினால், அவர் மனம் நோகாமல் வாங்கி, அந்தப் பக்கம் போய்க் கொட்டிவிடுங்கள்.