கிறிஸ்துமஸ் அன்று பனி பெய்யும் என்று நான் சொன்னேன்

எனக்கு இன்றும் பசிபிக் கடல்மேல் கோபம் உண்டு. அவ்வளவு பெரிய கடலோடு கோபித்துக்கொண்டவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம் போனவளும் நான் ஒருத்திதான்.

அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாகத் தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவில் நான் இருக்கும் ஜெர்சி சிட்டிக்கு வருவதாக இருந்தார்கள். ஸ்னோ கொட்டுவதைப் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. அவருடைய முதலாளி இருபது நாள்தான் லீவு கொடுப்பார். எப்போது வரட்டும் என்று அப்பா என்னிடம் கேட்டார்.

உட்கார்ந்து வானிலைக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். லா நினா வருஷமாம். பசிபிக்கின் நடுப்பகுதி குளிர்ந்தால், அமெரிக்காவுக்கு மேலே ஓடும் காற்றோட்டம் வளைந்து வடக்கத்திக் குளிரைக் கீழே இறக்குமாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று போட்டிருந்தது. அப்பாவிடம் நான் சொன்னது இது: "கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பெய்யும்பா. டிக்கெட் போட்டாச்சு."

(என் பக்கத்தையும் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாவற்றையும் வீட்டுக்குப் படித்துச் சொன்னவள் நான். 'இருக்கலாம்' என்றால், அப்போ உனக்குத் தெரியலையா என்பார்கள். அதனால் அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன்.)

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் காலை, வீடியோ காலில் பதினொரு பேர். இங்கே மழை, அதுவும் வெதுவெதுப்பான மழை. ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டு அப்பா ஜன்னலோரம் வேர்த்து நின்றார். போனில் சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: "இங்கயும் மழைதான்ணே."

கட்டுரையை மறுபடி திறந்தேன். கடலோர ஊர்களில் கடற்காற்று பனியை மழையாக்கிவிடலாம் என்று அடுத்த வரியிலேயே இருந்தது. அதை முதல் வரியில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தோற்க மனமில்லை. மூன்று நாள் கழித்து, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி, பென்சில்வேனியாவில் பனிச்சறுக்கு விளையாடும் மலைக்குக் கூட்டிப்போனேன். சரிவு முழுக்க வெள்ளை. "பாத்தீங்களாப்பா" என்றேன், நானே பெய்வித்த மாதிரி.

அப்பா ஒரு கை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சத்தம் வந்த பக்கம் நடந்தார். அங்கே ராட்சத மின்விசிறி மாதிரி ஒரு மெஷின், தண்ணீரைப் பனியாக்கித் துப்பிக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில், படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர் அப்பா. மெஷினைச் சுற்றி வந்தார்.

"தாயி, வேலைக்கு வந்த மாதிரில்லா இருக்கு."

அம்மா சிரித்த சிரிப்பில் சறுக்க வந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

லீவு முடிந்து போய்விட்டார்கள். அந்தக் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு இப்போது பெயர் அமெரிக்கா. படகு வந்ததும், அமெரிக்காவைப் போட்டு விடு என்கிறார்களாம். நான் போன் செய்தால் பின்னால் கடகடவென்று கேட்கும். என்ன சத்தம் என்று கேட்டுத் தொலைத்துவிடுவேன்.

"ஒண்ணுமில்ல தாயி," என்பார் அப்பா. "இங்க ஸ்னோ கொட்டுது."