கேக் மூச்சு விடும் வரை

கேக் இன்னும் மூச்சு விடவில்லை.

பேரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாட்டியின் பழைய 'ஓவன்' அடுப்பில் காதை வைத்துக் கேட்டான். அடுத்த கணமே "ஆ!" என்று துள்ளினான்.

"விட்டுச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா. அது நான்."

கதவைத் திறந்தான். உள்ளே இருந்தது கேக் இல்லை, கரி.

பேரன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எப்போது வரும் என்று ஊருக்கே சொல்கிறவனுக்கு, ஒரு கேக் எப்போது வேகும் என்று தெரியவில்லை.

"சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றார்," என்றாள் அத்தை. "அதுக்குள்ள இந்த அடுப்புல ஒரு கேக் ஒழுங்கா வரட்டும், வச்சுக்கலாம். இல்லன்னா தூக்கிடுவேன். அம்மாவே போயிட்டாங்க. இது மட்டும் எதுக்குடா இடத்தை அடைச்சுக்கிட்டு?"

"அடுப்பைக் குறை சொல்லாத அத்தை. பாட்டி சொன்ன மாதிரி மூச்சு விட்டாத்தானே எடுக்க முடியும்!"

பாட்டியின் சட்டம் அப்படி. ஞாயிறு மதியம் கேக் அடுப்பில் ஏறியதும் வீடு மொத்தமும் கூடத்தில் உட்கார வேண்டும். பேசக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. 'பாத்தா அது கூச்சப்பட்டு அமுங்கிடும்' என்பாள். மூடிய இமைக்குள் வெயில் ஆரஞ்சு நிறத்தில் நீந்தும். சமையலறையில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். கேக் மூச்சை இழுக்கிறதாம். பிறகு நீளமான அமைதி. வெண்ணெய் வாசனை கூடத்துக்கு வந்து ஒவ்வொருவர் மடியிலும் பூனைக்குட்டி போல ஏறிப் படுக்கும். மறுபடி ஒரு 'கிரீச்'. மூச்சை விட்டுவிட்டது. "எந்திரிங்கடா, வெந்துருச்சு!"

ஒரு ஞாயிறுகூடத் தப்பியதில்லை.

இரண்டாவது கேக்குக்குப் பேரன் உஷாராக இருந்தான். மூச்சுச் சத்தம் வெளியே வரட்டும் என்று அடுப்புக் கதவை அடிக்கடி லேசாகத் திறந்து வைத்தான். கேக், யாரோ ஏறி உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி நடுவில் குழிந்து போனது.

"சூப் ஊத்திக் குடிக்கலாம்," என்றார் சித்தப்பா.

"கடுப்பேத்தாதீங்க."

"டேய், வீட்ல சத்தம் ஜாஸ்திடா. அது மூச்சு விட்டிருக்கும், நமக்குத்தான் கேக்கல."

அது சரியாகப் பட்டது. ஃபேன் நின்றது. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார்கள். ஃபிரிட்ஜின் பிளக்கையும் சித்தப்பா பிடுங்கினார். மாவு கலக்கி முடிப்பதற்குள் ஐஸெல்லாம் உருகிச் சமையலறை குளமானது. அத்தை அதில் கால் வைத்தாள். தொப்!

"ஐயோ, என் இடுப்பு! எந்தப் புண்ணியவான் பிளக்கைப் பிடுங்கினது?"

"கேக்குக்காகத்தான் அக்கா..."

"முதல்ல உன்னைத் தூக்கி அடுப்புல வைக்கணும்டா!"

தண்ணீரை வெளியே தள்ள, பாட்டி போனதிலிருந்து பூட்டியே கிடந்த கொல்லைக் கதவைத் திறந்தாள் அத்தை. அந்தக் கூச்சலில் கதவு போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. தள்ளி முடித்து, தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்திவிட்டு வந்தாள்.

மூன்றாவது கேக் உள்ளே போனது. இருந்த முட்டை அவ்வளவுதான்.

மூவரும் கூடத்தில் கண்ணை மூடினார்கள். அத்தைக்குத் தும்மல் வந்தது. சேலைத் தலைப்பால் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

மெல்ல மெல்ல வீடு அடங்கியது. இமைக்குள் பழைய ஆரஞ்சு வெயில். பேரனின் கால்கள் குட்டையாகி நாற்காலியிலிருந்து தொங்கின. வெண்ணெய் வாசனை வந்து மடியில் ஏறியது. எங்கோ ஒரு செருப்புச் சத்தம், கனவுக்குள் நடப்பது போல, மெதுவாக நெருங்கியது.

கிரீச்.

"அம்மா!" என்று அலறினாள் அத்தை.

பேரன் பாய்ந்தான். அவன் கண்ணுக்கு அடுப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கதவைத் திறந்தான். பொன்னிறம். ஒரு வெடிப்பில்லை, ஒரு குழியில்லை. பாட்டியின் கன்னம் மாதிரி உப்பி நின்றது கேக்.

பின்னாலேயே வந்த சித்தப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அத்தை அடுப்பைத் தொட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமான்காரரை வர வேணாம்னு சொல்லிடுடா. அம்மா எங்கயும் போகல. இதுக்குள்ளதான் இருக்காங்க."

பின்னால் யாரோ கனைத்தார்கள்.

மூவரும் திரும்பினார்கள். பாதி திறந்த கொல்லைக் கதவைப் பிடித்தபடி அடுத்த வீட்டுக் கிழவி நின்றிருந்தாள். கையில் ஒரு சீட்டுக் கட்டு.

"தப்பா நினைக்காதீங்கப்பா. கேக்கை அடுப்புல ஏத்தினதும் உங்கம்மா இந்தக் கதவு வழியா எங்க வீட்டுக்குச் சீட்டாட வந்துடுவா. வாசனை அங்க எட்டினதும் திரும்ப இங்க ஓடியாந்துடுவா. இன்னிக்கு வாசனை மட்டும் வந்துச்சு, ஆட்டத்துக்கு ஆளைக் காணோமேன்னு பாக்க வந்தேன்!"