ஒரே வேன் பலமுறை வந்த கல்யாணம்

பொறியியல் படிக்கும் பையனிடம் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தால் அவன் அதை மேம்படுத்திவிடுவான்.

நான் அப்போது ஏனாத்தூர் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். கம்பியில்லா வலைப்பின்னலில் ஒரு செய்தியை எல்லோருக்கும் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் வழிமுறைதான் என் ப்ராஜெக்ட். (பெரிய வழிமுறை! கேட்டதை அப்படியே அடுத்தவனுக்குச் சொல், அவ்வளவுதான்.) அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம்.

"சம்பந்தி வேனை விட்டு இறங்கறச்சே வாசல்ல ஆரத்தி, நாயனம், சூடா காபி எல்லாம் தயாரா இருக்கணும். அந்த மாமி ரொம்ப முறை பார்க்கறவா. கோச்சுண்டா கல்யாணமே கெட்டுது" என்றார் அப்பா.

"கவலையை விடுங்கோ" என்றேன். பர்மா பஜாரில் வாங்கிய வாக்கி டாக்கிகள் அதிக தூரம் எட்டாது. அதனால் ஊர் எல்லையில் சித்தப்பா பையன் ரகு, தெருமுனைகளில் நண்பர்கள், மண்டபத்தில் ஆரத்தி மாமிகள், சமையல்காரர், நாயனக்காரர், அக்காவின் அறை என்று வரிசையாகக் கொடுத்தேன். யார் எதைக் கேட்டாலும் உடனே திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் கட்டளை.

"வேன் வந்துடுத்து" என்று சொல்லிவிட்டு ரகு வேனில் ஏறிக்கொண்டான். எல்லோரும் அதைத் திரும்பச் சொன்னார்கள். திரும்பச் சொன்னதைக் கேட்டவர்கள் மறுபடியும் சொன்னார்கள். சொன்னதையே சொல்லாதே என்று ஒரு விதி வைக்க இந்த மேதைக்குத் தோன்றவில்லை. வேன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதைச் சொல்ல ரகு தொண்டை கிழியக் கத்தியும் நடுவில் நுழைய இடமில்லை. ஒவ்வொரு 'வந்துடுத்து'க்கும் மாமிகள் தட்டோடு வாசலுக்கு ஓடினார்கள். நாயனம் முழங்கியது. வந்தது தெருநாய் மட்டும்தான்.

"இன்னாபா, அதே சேதி வந்துக்கினே இருக்குது. ஒரு வேன் எத்தினி வாட்டிபா வரும்?" என்று நாயனக்காரர் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டு டிபனுக்கு உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

வேன் நிஜமாக வந்தபோது வாசலில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. சம்பந்தி மாமி இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேனிலிருந்த மாப்பிள்ளை, ரகு கையிலிருந்த வாக்கி டாக்கியை வாங்கி, "உள்ளே யாராவது இருக்கேளா? நாங்க நிஜமாவே வந்துட்டோம்" என்றார்.

அணைக்காமல் வைத்திருந்தவள் அக்கா ஒருத்திதான். கல்யாணப் பெண் தானே ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தாத்துல பொறுப்பா ஒருத்தியாவது இருக்காளே" என்று இறங்கிவிட்டார். நான் அழுதேவிட்டேன்.

சில வருடம் கழித்து, செய்யாறில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். முன்பின் தெரியாத குடும்பம். நான் காரை விட்டு இறங்கி, "வந்துட்டோம் மாமா" என்றேன். பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டி, "ஒரு தடவை சொன்னா போறும்" என்றார். வாக்கி டாக்கி எட்டாத தூரத்துக்கும் அந்த வேன் கதை எட்டியிருந்தது. உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.