தோள்பட்டைப் பெருந்திட்டம்

இரும்பு தோன்றிய நாள்தொட்டு, அதைத் தூக்குவோரின் தோளுக்காகக் காரைக்குடி சத்தியமூர்த்தியைப் போலக் கவலைப்பட்டவர் எவருமிலர். பளுதூக்குவோர் நலச் சங்கத்தின் செயலாளர் அவர். பதவியேற்ற ஒன்பது ஆண்டில் ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கியதில்லை. சங்கத்தின் வலிமையை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் சங்கத்தில் பளு தூக்கும் காளீஸ்வரி வந்து நின்றாள். இரண்டு மாதத்தில் சிவகங்கையில் தேர்வு. எழுபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினால்தான் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

“தூக்கிருவேன்யா. மேல போனதும் தோளு ஆடுது. தோள்பட்டையைச் சுத்தி இருக்க சின்னத் தசைக்கு வலு பத்தலையாம். ரெண்டு ரப்பர் பட்டை வாங்கிக் குடுத்தீகன்னா தெனம் இழுத்துப் பழகிருவேன்.”

“வெறும் ரப்பரா?” செயலாளர் பதறிப்போனார். “சங்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்குத்தா. திட்டம் போடுவோம்.”

போட்டார்கள். ‘தோள்பட்டைத் தசை வலுவூட்டும் பெருந்திட்டம்’ உதயமானது. வலது தோளுக்கு ஒரு துணைக்குழு, இடது தோளுக்கு ஒரு துணைக்குழு. எந்தத் தோள் முதலில் என்று இரண்டும் மோதிக்கொள்ள, சமரசக் குழு ஒன்றும் அமைந்தது. கூட்டந்தோறும் நாற்காலி சுமந்தவள் காளீஸ்வரி. “இதுவும் பயிற்சிதான்” என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார் செயலாளர். இந்த அரும்பணிகளில் மூன்று வாரம் போயிற்று.

ஒருவழியாகத் திறப்பு விழா. ரிப்பன் வாங்க ஒருவருக்கும் நினைவில்லை. அதனாலென்ன? காளீஸ்வரிக்கென்று வாங்கிய புது ரப்பர் பட்டைகளையே முடிந்து வாசலில் விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். சிறப்பு விருந்தினர் வைரவன் கத்தரியால் வெட்டியதும், பட்டை சுளீரென்று அவர் மூக்கைப் பதம் பார்த்தது.

“பாத்தீகளா, என்னா வலு!” என்று கை தட்டினார் சத்தியமூர்த்தி.

“அய்யா, என் பட்டை?”

“அதான் தெறந்து வச்சாச்சுல்ல? இனி அது வரலாறுத்தா.”

காளீஸ்வரிக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் அதைவிட முட்டியது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஜன்னல் கம்பியில் கட்டி, மிச்சமிருந்த ஐந்து வாரமும் காலையும் மாலையும் இழுத்தாள்.

சிவகங்கையில் எழுபது கிலோ மேலே போனது. நடுவர் இறக்கச் சொல்லும்வரை தோள் இம்மியும் ஆடவில்லை.

மறுநாளே பாராட்டு விழா, பெருந்திட்டத்துக்கு! மேடை நிறையத் துணைக்குழுவினர், ஆளுக்கொரு மாலையோடு.

“எல்லாத்துக்கும் சங்கம்தான் காரணம்னு ரெண்டு வார்த்தை சொல்லுத்தா” என்று மைக்கை நீட்டினார் செயலாளர்.

காளீஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

“சங்கம்தான் காரணம். மூணு வாரமா இவுக அத்தன பேரையும் சுமந்தவளுக்கு, எழுபது கிலோ எம்மாத்திரம்?”