பல்பும் நாற்பது ஓமும் என் தங்கச்சி கல்யாணமும்

ஒன்றுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து கிடையாது. ஒரு பாடம் நன்றாகப் புரிந்து, அடுத்த பாடம் இன்னும் நடத்தப்படாமல் இருக்கிறதே, அந்த நிலையில் இருப்பவன்தான் ஆபத்தானவன். என் தங்கை தெய்வானையின் கல்யாணம் நான் சரியாக அந்த நிலையில் இருந்தபோது வந்தது.

முப்பதுகளின் கடைசி. திருச்சியில் காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு விராலிமலையில். கரண்டு அப்போது எங்கள் தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கரண்டு விளக்குதான் வேண்டும் என்று குளத்தூர் சம்பந்தி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்பா திருச்சியிலிருந்து ஒரு டைனமோவை லாரியில் வரவழைத்தார். மேற்பார்வை என்னுடையது. (பின்னே? எங்கள் குடும்பத்தில் ‘வோல்ட்’ என்று நாக்குக் குழறாமல் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே!)

மேற்பார்வையோடு நின்றிருக்கலாம். காலேஜில் கெஞ்சிக் கேட்டு வோல்ட்மீட்டர், அம்மீட்டர், ஒரு சின்ன பேட்டரி எல்லாம் வாங்கி வந்திருந்தேன். பந்தலில் தொங்கிய பத்து பல்பிலும் ‘220 வோல்ட், 100 வாட்’ என்று அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அப்படியே நம்பினால் அப்புறம் என்ன விஞ்ஞானி? சாயங்காலம் ஒரு பல்பைக் கழற்றிப் பேட்டரியில் மாட்டினேன். நாலு வோல்ட்டுக்கு, ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடியது. பல்பு மினுங்கக்கூட இல்லை.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. நாற்பது ஓம் வந்தது. டைனமோவின் 220 வோல்ட்டை அந்த நாற்பதால் வகுத்தேன். ஐந்தரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பெருக்கினேன். ஆயிரத்து இருநூற்றுப் பத்து!

மறுபடி போட்டுப் பார்த்தேன். கணக்கில் பிசகே இல்லை. பத்து பல்புக்குப் பன்னிரண்டாயிரம் வாட்டுக்கு மேல். டைனமோ தாங்குவது இரண்டாயிரம். தலைக்கு மேலே காய்ந்த தென்னங்கீற்று. கீழே எங்கள் சாதிசனம் முழுக்க. தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார்.

“எல்லாரும் வெளிய போங்க! பந்தல் பத்திக்கப் போகுது!” என்று கத்தினேன்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. (நான்தான் பொறுப்பு.) ‘போகுது’ என்றது யார் காதிலும் விழவில்லை, ‘பத்திக்கிச்சு’ என்றே எல்லோருக்கும் கேட்டது. பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு ஓடினார். டைனமோக்காரர் வேலைக்குப் புதுசு. என் கணக்கைக் கேட்டதும், “படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எஞ்சினை ஓடவிட்டபடியே கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். மேளம் நின்றுவிட்டது.

“வெளக்கு எங்கங்க?” என்றார் சம்பந்தி.

“தம்பி ஒரு கணக்குப் போட்டுப் பாத்தான்... பெட்ரோமாக்ஸுக்கு ஆள் விட்டிருக்கேன்” என்று அப்பா இழுத்தார்.

“பெட்ரோமாக்ஸ் எங்க ஊருலயே கெடக்குதுங்களே. கரண்டு வெளக்கு பாக்கலாம்னு சொல்லித்தானே இம்புட்டுச் சனத்தக் கூட்டியாந்தேன்? எங்கள இருட்டுல நிறுத்தி வைக்கிறீங்களா?” அவர் வண்டிகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். “மாட்டப் பூட்டுங்கப்பா.”

அப்பாவின் முகத்தை அந்த மங்கல் வெளிச்சத்தில் பார்த்தேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனார். சம்பந்தி காலில் விழவும் தயாராகிவிட்டார் என்று புரிந்தது.

அப்போது தெய்வானை வெளியே வந்தாள். தலை நிறையப் பூ, கண்ணில் நெருப்பு.

“அண்ணே, இந்தப் பல்ப டைனமோவுல மாட்டி எரிய விட்டுப் பாத்தியா?”

“இல்ல. கணக்குப்படி...”

“பாக்கவே இல்லையா? ஒன்னே ஒன்ன பந்தலுக்கு வெளிய மாட்டு. வெடிச்சா வெடிக்கட்டும். நான் சுவிட்சப் போடுறேன்.”

கல்யாணப் பெண்ணை வெடிக்கும் பல்பிடம் விட எனக்கு மனசு வரவில்லை. முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் பல்பைக் கட்டி, நடுவில் அம்மீட்டரையும் இணைத்தேன். ஒரு கையில் மண் நிரப்பிய வாளி. இன்னொரு கை சுவிட்சில். இரண்டு ஊர்ச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே சுவிட்சைத் தட்டினேன்.

அம்மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

வெடிக்கவில்லை. “ஏ அப்பா!” என்று ஒரு பெருங்குரல் எழுந்தது. கண்ணைத் திறந்தால் முற்றம் பட்டப்பகலாக இருந்தது. முள் அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கி, சாதுவாகப் படுத்திருந்தது. 220-ஐ அதனால் பெருக்கினேன். ஏறக்குறைய நூறு வாட். அச்சடித்தவன் யோக்கியன்.

சம்பந்தி பல்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. “மேளத்த அடிங்கப்பா!” என்றார். பத்து பல்பும் எரிந்தன. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நான் மட்டும் வாளியைக் கீழே வைக்க மறந்து அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்ததாகச் சொல்கிறார்கள்.

லீவு முடிந்து போனதும் பேராசிரியரிடம் கேட்டேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. “ஆறிக் கிடக்கிற பல்புக் கம்பிக்குத் தடை கம்மி. அது சூடாகி வெள்ளையா எரியறப்போ தடை பத்து மடங்குக்கு மேல ஏறிடும். நீ ஆறின பல்பை அளந்துட்டு எரியற பல்புக்குக் கணக்குப் போட்டிருக்கே. அடுத்த வாரம் நடத்தப் போற பாடம் அதுதான்.”

இதைத் தெய்வானையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் அவள் பிள்ளைகள் தங்கள் அப்பாவிடம் ஏதாவது கேட்கப் போனால், அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

“ஆறிக் கெடக்கும்போதே கேட்டுருங்கடா! சூடாயிட்டாருன்னா தடை பத்து மடங்கு. சந்தேகமா இருந்தா மாமாவக் கேளுங்க!”